பூசியது நகத்தில், அரிப்பதோ கண்ணிமையில்... தெரியுமா?

கண்ணிமை சிவந்து, வீங்கி, தோல் உரிகிறது. கண்மையை மாற்றியாயிற்று, முகப்பவுடரை நிறுத்தியாயிற்று, கத்தரிக்காயையும் கருவாட்டையும் வீட்டைவிட்டே விரட்டியாயிற்று. அரிப்பு மட்டும் நின்றபாடில்லை! குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? விரல் நகத்தில்!

நெயில் பாலிஷில் இருக்கும் ஒருவகைப் பிசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. விரல்நுனித் தோல் தடிமனானது, தாங்கிக்கொள்கிறது. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில்தான் இருக்கிறது. பாலிஷ் முழுதாகக் காய்வதற்குள் விரல் நாலு முறை இமையைத் தொட்டுவிட்டால் போதும், விரல் தப்பித்துவிடும், இமை மாட்டிக்கொள்ளும்! தோல் மருத்துவத்தில் ஒவ்வாமையைத் தேடிப் போனால் இப்படி ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாலிச் சரட்டு ஊக்கு செய்யும் வேலை தெரியுமா?

அவசரத்துக்கு உதவும் என்று தாலிச் சரட்டில் இரண்டு ஊக்கு மாட்டி வைக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. கழுத்துக்குக் கீழே, அந்த ஊக்கு உரசும் இடத்தில் மட்டும் காசளவுக்குக் கருத்து, தடித்து, நமைக்கிறதா? தங்கத்தின்மேல் சந்தேகப்படுவதற்கு முன் ஊக்கைப் பாருங்கள். அதன் மேற்பூச்சில் இருக்கும் நிக்கல், உலகம் முழுக்க மிக அதிகம் பேருக்குத் தொடு ஒவ்வாமை தரும் உலோகம்! வியர்வை பட்டதும் நிக்கல் துளித்துளியாகக் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. கவரிங் கம்மல், ஜீன்ஸ் பட்டன், வாட்ச் கொக்கி எல்லாம் இதே கூட்டணிதான்.

ஒரு பொருளில் நிக்கல் கசிகிறதா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்! டைமெத்தில் கிளையாக்ஸைம் என்ற வேதிப்பொருளின் கரைசலையும் அம்மோனியாவையும் பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, நகைமேல் தேய்க்க வேண்டும். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் கசிகிறது என்று அர்த்தம். டென்மார்க் 1990-லேயே நகைகளில் நிக்கல் கசிவுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அந்தக் கட்டுப்பாடு வந்தது.

ஸ்டிக்கர் பொட்டும் கருப்பு மருதாணியும்!

சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருளைச் சேர்ந்த பிசின் இருக்கிறது. அது அரிப்பைத் தருவதோடு நிற்பதில்லை. தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே அழித்து, பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டை உண்டாக்கிவிடும்!

மருதாணி இலை அரைத்து வைத்தால் கை செக்கச்செவேல் என்று சிவக்கும், கருக்காது. சில நிமிடத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் ‘கருப்பு மருதாணி’யில் பெரும்பாலும் கலந்திருப்பது முடிச்சாயத்தில் உள்ள பி.பி.டி. எனும் பாரா-ஃபினைலீன் டைஅமீன். ஒருமுறை உடம்பு அதைப் பகையாக நினைத்துவிட்டால் பல ஆண்டு கழித்துத் தலைக்கு டை அடிக்கும்போதுகூட முகமே வீங்கிவிடும். தோலின் ஞாபகசக்தி அப்படிப்பட்டது!

பூண்டு உரித்தால் இடது கை வெடிப்பது ஏன்?

இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வறண்டு, வெடித்து எரிகின்றனவா? வலது கை நன்றாக இருக்கிறதா? பூண்டுப் பல்லைப் பிடிப்பது இடது கை, கத்தியைப் பிடிப்பது வலது கை! மூன்று விரல் நுனியைப் பார்த்தே அனுபவசாலியான தோல் மருத்துவர், “வீட்டில் பூண்டு யார் நறுக்குவது?” என்று கேட்டுவிடுவார். காரணப் பொருளின் பெயர் டைஅல்லைல் டைசல்ஃபைடு. சாதாரண ரப்பர் கையுறையையே ஊடுருவிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு!

மாங்காய்ப் பாலும் அமெரிக்கச் சிப்பாயின் கழுத்தும்!

மாங்காயைக் கிள்ளியதும் காம்பில் வடியும் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும் என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். மாமரம், முந்திரி, சேங்கொட்டை, அமெரிக்காவின் ‘பாய்ஸன் ஐவி’ கொடி, ஜப்பானின் அரக்கு மரம் அத்தனையும் ஒரே தாவரக் குடும்பம் என்பது தெரியுமா? ஒன்றுக்குப் பழகிய ஒவ்வாமை மற்றதிலும் வெடிக்கலாம். மாம்பழத்தில் வம்பு செய்வது பெரும்பாலும் தோலும் பாலும்தான், சதை அல்ல. பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைக் கருக்கிப் புண்ணாக்குவதும் ஓட்டிலிருக்கும் எண்ணெய்தான், நாம் சாப்பிடும் பருப்பு அல்ல.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பிடரியில் கொப்புளம் கிளம்பியது. சலவைத் தொழிலாளர்கள் துணி மாறிப்போகாமல் இருக்கச் சட்டைக் காலரில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டிருந்தார்கள். குறி பட்ட இடத்தில் கொப்புளம்!

கோதுமையோடு வந்த களை தெரியுமா?

தெருவோரம் வெள்ளைப் பூப்பூத்து நிற்கும் பார்த்தீனியம் நம் நாட்டுச் செடியே அல்ல. 1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்ததாகச் சொல்லப்படும் இந்தக் களையை, புனேயில்தான் முதலில் கவனித்தார்கள். அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, காய்ந்த தூள் காற்றில் மிதந்து வந்தாலே போதும்! இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என்று தூள் தங்கும் இடமெல்லாம் தடித்துவிடும். வயலில் வேலை செய்யும் பலரை ஆண்டுக்கணக்கில் வாட்டும் நோய் இது.

முதுகில் ஒட்டித் துப்புத் துலக்குவது எப்படி?

1895. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தோல் மருத்துவர்கள் மாநாடு. பிரெஸ்லாவிலிருந்து வந்திருந்த யோசெஃப் யாடசோன் எழுந்து, பாதரச மருந்து ஒவ்வாதவரின் தோலில் அதே பாதரசத்தைச் சிறிய இடத்தில் ஒட்டிவைத்து, அங்கே தடிப்பு எழுவதைக் காட்டமுடியும் என்றார். அன்று பிறந்த ‘பேட்ச் டெஸ்ட்’, 100 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் தொடு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் தலையாய சோதனை!

இதில் ஊசியே கிடையாது. 8 மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டிக் குட்டி அலுமினியக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் நிக்கல், சிமென்ட்டில் இருக்கும் குரோமேட், வாசனைத் திரவியம், ரப்பர் வேதிப்பொருள், பி.பி.டி., பார்த்தீனியம் என்று ஒரு பொருள் வைத்து, மேல்முதுகில் வரிசையாக ஒட்டி, பேனாவால் அடையாளம் போடுவார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். அதோடு முடியவில்லை! நான்காம் நாள் மறுபடியும் பார்க்க வேண்டும், சிலருக்கு ஏழாம் நாளும். ஏனென்றால் இது ஆற அமர வரும் ஒவ்வாமை. டி-அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் பகையை அடையாளம் கண்டு படைதிரட்டி வர ஒன்றிரண்டு நாளாகும்.

மீன் ஒத்துக்கொள்பவருக்கும் மீனால் தடிப்பு!

உணவு ஒவ்வாமை அப்படியல்ல, சில நிமிடங்களில், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள் பாய்ந்துவிடும்: காணாக்கடி, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு. 1921-இல் கார்ல் பிராஸ்நிட்ஸ், தம் சக மருத்துவர் ஹைன்ஸ் கூஸ்ட்னரின் ரத்தநீரைத் தம் வயிற்றுத் தோலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது, பிராஸ்நிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் இல்லை. மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் குபீரென்று தடித்தது! ஒவ்வாமை ரத்தத்தில் மிதக்கும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது அன்று உறுதியானது. அந்த ‘ஏதோ ஒன்று’ ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் என்று 1960-களில் ஜப்பானிய இஷிஸாகா தம்பதியும் சுவீடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள்.

அதைத் தேடும் சோதனைதான் ‘பிரிக் டெஸ்ட்’. கையில் ஒரு சொட்டு உணவுச் சாறு, அதன்மேல் லேசாக ஒரு குத்து, 15 முதல் 20 நிமிடத்தில் விடை. அரிப்பு மாத்திரை போட்டிருந்தால் விடை தப்பாகிவிடும் என்பதால் சில நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.

சோப்புப் போட்டுக் கோதுமை பகையான கதை தெரியுமா?

ஜப்பானில் ஒரு முகச் சோப்பு சக்கைப்போடு போட்டது. அதில் பதப்படுத்திய கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். தினமும் முகம் கழுவியவர்களில் 2000-க்கும் மேற்பட்டோருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்ட கோதுமை உணவே ஒவ்வாமல் போயிற்று! வாய் வழியாக வந்தபோது நண்பனாக இருந்த கோதுமை, தோல் வழியாக வந்ததும் பகையாயிற்று.

கரப்பான் படை வந்து வெடித்த குழந்தைத் தோலும் அப்படி ஒரு திறந்த வாசல்தான். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை அதிகம் வருவதற்கு இது முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். அப்படியானால் வாய் வழியாகச் சீக்கிரமே கொடுத்தால்? லண்டனில் கிடியன் லாக் குழு, கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ கடுமையாக இருந்த 640 குழந்தைகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் நிலக்கடலை உணவைத் தொடங்கியது. மறுபாதிக்கு 5 வயது வரை கடலையே கிடையாது. 2015-இல் வெளியான முடிவு உலகையே திருப்பிப்போட்டது: தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் வெறும் 3.2 சதவீதம்! (இப்படிப்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் சிக்கும், விழுதாகத்தான் தரவேண்டும்.)

இறாலுக்கும் கரப்பான்பூச்சிக்கும் என்ன உறவு?

இறால், நண்டு, கரப்பான்பூச்சி, வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி எல்லாவற்றிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம்! தூசிக்குத் தும்முபவர் சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாததன் ரகசியம் இதுதான். இன்னொரு அதிசயம்: சில வகை உண்ணி கடித்தவர்களுக்கு ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் ஒவ்வாமல் போகின்றன. ராத்திரி சாப்பிட்டால் 3 முதல் 6 மணி நேரம் கழித்து, நடுத்தூக்கத்தில் உடம்பெல்லாம் தடித்து எழுப்பிவிடும்!

சோதனையில் வந்தாலே நோயா?

இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்! கர்நாடகத்தில் நடந்த ஆய்வில், ஏதோ ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. ரத்தத்தில் இருந்தவர்கள் 26.5 சதவீதம். அந்த உணவைச் சாப்பிட்டு உண்மையிலேயே ஒவ்வாமை வந்திருக்கக்கூடியவர்கள்? 1.2 சதவீதம்தான்! ரத்தச் சோதனைத் தாளில் ‘பாசிட்டிவ்’ என்று 20 உணவுகளின் பெயர் வந்தது என்பதற்காக, வளரும் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் பருப்பும் நிறுத்துவது எத்தனை பெரிய கொடுமை! ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்து உணவுப் பட்டியல் தரும் சோதனைகளை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் ஏற்பதே இல்லை. சந்தேகம் தீராவிட்டால், மருத்துவமனையில் கண்காணிப்போடு அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

புண்ணுக்குப் போடும் களிம்பே புண்ணாக்குமா?

ஆக்கும்! நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்குத் தொடு ஒவ்வாமை தரும். அரிப்பை அடக்கப் போடும் ஸ்டீராய்டு களிம்பே ஒவ்வாமல் போனவர்களும் உண்டு. போடப் போடப் புண் பெரிதாகிறது என்றால் களிம்பைச் சந்தேகப்படுங்கள். மாறாக, காரணத்தை நீக்கினால் கிடைக்கும் பலன் பெரிது. கொத்தனார் கையை வெடிக்கவைக்கும் சிமென்ட்டின் குரோமேட்டை, ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தே அடக்கிவிடலாம். டென்மார்க் 1980-களின் தொடக்கத்திலேயே அதைச் செய்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியமே அளவு நிர்ணயித்துவிட்டது. நம் சித்தாள்களுக்கும் கொத்தனார்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டாமா?

ஆகவே வாசகர்களே, தடிப்பு எந்த இடத்தில், எப்போது, எதைத் தொட்டபின், எதைச் சாப்பிட்டு எத்தனை நேரத்தில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, பயன்படுத்தும் சோப்பு, டை, களிம்பு எல்லாவற்றின் அட்டையையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஊகத்தில் உணவை நிறுத்தாதீர்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போடு மூச்சிரைப்போ, குரல் கம்மலோ, தலைசுற்றலோ வந்தால் அரிப்பு மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்!