நாற்பது நாட் பேணலும் மிளகாய்ச் செடியும்

உப்பையும் புளியையும் போலவே மிளகாயும் நமது அடுக்களையில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. கறியாயினும் சம்பலாயினும் அஃதின்றி அமைவதில்லை. பச்சை மிளகாயின் விலை ஒரு வாரம் ஏறுவதும் மறு வாரம் இறங்குவதும் இல்லத்தரசியர் நன்கறிந்ததே. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அதனை அடுத்து 2022ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடி வந்து காய்கறிகளின் விலை உயர்ந்ததும் எவரும் மறந்திருக்க மாட்டார். அந்நாட்களிற் பலர் சந்தையில் மிளகாய்க் கன்றுகளை வாங்கி வளவில் நட்டனர். சிலருக்கே காய் கிடைத்தது. ஏனையோரின் செடிகள் இலை சுருண்டு குறுகி நின்றன. “எங்கள் மண்ணுக்கு மிளகாய் சரிவராது” என்று அவர்கள் கைவிட்டதையும் நாம் கண்டோம்.

குற்றம் பெரும்பாலும் மண்ணில் இல்லை. வித்து இட்ட நாள் முதலாகக் கன்று நிலத்தில் வேர்கொள்ளும் நாள்வரை உள்ள ஏறக்குறைய 40 நாட்களே மிளகாயின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. அந்நாட்களில் உற்ற கேட்டினைப் பின்னர் எவ்வளவு எருவிட்டாலும் ஈடுசெய்தல் அரிது. ஆதலின் நாற்றினை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ளல் நன்று.

வந்த கதை

மிளகாய் நமது நாட்டுப் பயிரன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1493ஆம் ஆண்டிற் கொலம்பசு தமது முதற் கடற்பயணத்தினின்றும் திரும்பிய பின்னரே ஐரோப்பா அதனை அறிந்தது. போர்த்துக்கேயர் வாயிலாக 16ஆம் நூற்றாண்டில் அது கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தது. அதற்கு முன்னர் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகு கொடியிற் காய்ப்பது. மிளகாயோ கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றின் உறவு. இனம் வேறாயினும், காரம் ஒத்ததால் மிளகின் பெயரையே அது தனதாக்கிக்கொண்டது. சிங்களத்திலும் ‘மிரிஸ்’ என்னும் பெயர் மிளகாய்க்கு உரியதாகிவிட, மிளகு ‘கம்மிரிஸ்’ ஆயிற்று.

வந்தேறிய பயிராயினும் அது நம்மவர்க்குச் செய்த உதவி பெரிது. 1970களில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தோட்டஞ் செய்தோர் தலைநிமிர்ந்தனர். செத்தல் மிளகாய் விற்ற பணத்தில் எழுந்த கல்வீடுகளும் உண்டு. படித்து முன்னேறிய பிள்ளைகளும் உண்டு. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அவ்வளம் குன்றியது. பெருந்தோட்டம் செய்வது எல்லார்க்கும் இயலாது. ஆயின் வீட்டுக்கு வேண்டிய பத்துச் செடிகளை வளர்ப்பது எவர்க்கும் இயலும்.

வித்துத் தெரிதல்

நோயற்றதாய், நன்கு காய்ப்பதாய் உள்ள செடியில் முற்றிப் பழுத்த சிவந்த பழங்களைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். வித்தினை வேறாக்கி நிழலில் உலர்த்துக. கடும் வெயில் அதன் முளைதிறனைக் கெடுக்கும். பழைய வித்திலும் அவ்வாண்டு வித்தே சிறந்தது. கடையிற் பெறும் கலப்பின வித்தின் செடி நன்கு காய்க்குமாயினும், அதன் பழத்தில் எடுத்த வித்து தாயைப்போல் வளராது. எம்.ஐ. 2, கே.ஏ. 2 போன்ற இனங்களில் இக்குறை இல்லை.

கறிமிளகாயையும் உறைப்பு மிளகாயையும் அருகருகே நட்டாற் கறிமிளகாயும் உறைக்கும் என்பது பலரது எண்ணம். அவ்வாண்டுக் காயில் இம்மாற்றம் நிகழாது. ஆயின் தேனீ முதலியன மகரந்தத்தை மாற்றிவிடுதலால், அக்காயின் வித்தில் முளைக்கும் செடி உறைப்பாதல் கூடும். எனவே வித்துக்கு விடும் செடியைத் தனித்து வைத்தல் நலம்.

வித்தெடுப்போர் கண்ணைத் தொடலாகாது. உறைப்பு வித்தில் இருப்பதாகவே நாம் கருதுகின்றோம். உண்மையில் வித்துக்களைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சதையிலேதான் அது மிகுந்துள்ளது. கப்சாயிசின் என்னும் அப்பொருள் நீரிற் கரைவது அரிது, எண்ணெயிற் கரையும். ஆதலாற் கையில் முதலில் நல்லெண்ணெய் தடவித் துடைத்துப் பின் சவர்க்காரமிட்டுக் கழுவினால் எரிவு தணியும். நம் உடலில் இவ்வெரிவை உணர்த்தும் வாயிலைக் கண்டறிந்த தாவீது யூலியசு என்னும் அமெரிக்க அறிஞர் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பறவைகளுக்கு அக்காரம் தோன்றுவதில்லை. அவை பழத்தை உண்டு வித்தினைத் தொலைவிற் பரப்புகின்றன.

நாற்றுமேடை

பத்துச் செடிக்குப் பெரிய மேடை வேண்டியதில்லை. அடியில் துளையிட்ட பழைய மரப்பெட்டியோ தகரப் பேணியோ போதும். தோட்டமண், நன்கு மக்கிய மாட்டெரு, மணல் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து நிரப்புக. மணலுக்குப் பதிலாகத் தும்புத்தூளும் இடலாம். நிலத்தில் மேடையிடுவோர் அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது வழக்கம். பங்கசும் களைவித்தும் அச்சூட்டில் அழியும். பெட்டி மண்ணுக்குக் கொதிநீர் ஊற்றி ஆறவிடலாம்.

வித்தினை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, கால் அங்குல ஆழத்தில், ஓர் அங்குல இடைவெளியில் வரிசையாக இடுக. மேலே மெல்லிய வைக்கோல் மூடி, பூவாளியால் நீர் தெளிக்க. ஒரு வாரம் முதல் இரு வாரத்துள் முளை தோன்றும். தோன்றியதும் வைக்கோலை அகற்றிவிடல் வேண்டும். தாமதித்தால் முளை வெளிறி நீளும்.

இனித்தான் பெருங்கவனம் வேண்டும். முதல் நாள் நிமிர்ந்து நின்ற முளை மறுநாள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடப்பதைப் பலர் கண்டிருப்பர். அன்பு மிகுதியால் நேரந்தோறும் நீர் ஊற்றுவதும், நெருக்கமாக வித்திடுவதுமே இதற்கு ஏது. மேல்மண் சற்று உலர்ந்த பின்னரே நீர் தெளிக்க; அதனையும் காலையிற் செய்க. அன்றியும், வெள்ளை ஈ கொண்டுவரும் வைரசு நோய் இளநாற்றைப் பற்றினால் அச்செடி பின்னர் காய்த்துப் பயன் தருவதில்லை. சந்தைக் கன்று நலமுடையதெனத் தோன்றினும் இந்நோயை உள்ளே கொண்டிருத்தல் கூடும். பழைய நுளம்பு வலையொன்றைக் கம்பிவளைவின் மேலிட்டு நாற்றை மூடினால், அவ்வீயின் வரவு ஓரளவு குறையும். சுருட்டோ சிகரெட்டோ புகைப்போர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாது நாற்றைத் தொடுதல் தகாது. புகையிலைத் தூளில் உள்ள வைரசு அதன் உறவாகிய மிளகாயையும் பற்றும்.

பெயர்த்து நடல்

வித்திட்டு 30 முதல் 35 நாட்களில் நாற்று ஐந்தாறு இலைகளுடன் நிற்கும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வலையையும் நிழலையும் நாடோறும் சிறிது சிறிதாக நீக்கி, நீரையும் குறைத்து, வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். நிழலில் வளர்ந்ததை ஒரே நாளில் வெயிலில் நிறுத்துவது கொடுமை. தாயின் மடியிலிருந்த பிள்ளையைப் படிப்படியாகப் பள்ளிக்குப் பழக்குவதை ஒத்தது இது.

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை பெய்யும். நீர் தேங்கும் நிலத்தில் மிளகாய் வேர் அழுகும். எனவே நாற்றைத் தாழ்வாரத்தில் வளர்த்து, மழை தணிந்தபின் நடுவது தக்கது. முந்திய போகத்திற் கத்தரி, தக்காளி, புகையிலை நின்ற இடத்தைத் தவிர்க்க. நாளெல்லாம் வெயில் படும் இடத்தில் இரண்டடி இடைவெளியில் வரிசை அமைத்து, செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுக. குழியில் மக்கிய எரு இடுக. பெயர்ப்பதற்கு முன் நாற்றுக்கு நீர் ஊற்றினால் மண் வேரோடு ஒட்டிவரும். மாலையில் நட்டு, மூன்று நான்கு நாட்களுக்குக் கிடுகுத் துண்டையோ பூவரசங் கொப்பையோ நிழலாக ஊன்றுக.

வேர்கொண்டபின் தொல்லை குறைவு. இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருளுமாயின் பனிப்பூச்சி எனவும், கீழ்நோக்கிச் சுருளுமாயின் சிற்றுண்ணி எனவும் ஐயுறலாம். இலையின் கீழ்ப்புறத்தைக் கிழமைக்கு இருமுறை பார்த்தாற் பூச்சியைத் தொடக்கத்திலேயே கண்டு நீக்கலாம். முற்றாகச் சுருண்டு குறுகிய செடியை இரக்கம் பாராது பிடுங்கி எரித்தலே ஏனையவற்றைக் காக்கும் வழி. யூரியா மிகுந்தால் இலை செழித்துக் காய் குன்றும். நட்டு இரண்டு மாதமளவிற் பச்சைக்காய் பறிக்கத் தொடங்கலாம். காலந்தாழ்த்தாது பறிக்கப் பறிக்க மேலும் பூக்கும்.

வீட்டிலுள்ள மாணாக்கர் இப்பணியை ஏற்பார்களாக. வித்திட்ட நாள், முளைத்த நாள், நட்ட நாள், முதற் பூ, முதற் காய் ஆகியவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வைத்தல் தாவரவியற் பாடத்திற்கும் துணைசெய்யும். பத்துச் செடிகளுள் நன்கு காய்த்த ஒன்றில் இரண்டு பழங்களைப் பறிக்காது விடுக. அவை செடியிலேயே முற்றிச் சிவந்தபின், அடுத்த ஆண்டு நாற்றுக்கு வித்தெடுக்கலாம்.