பால் உறைவதும் மின்சாரமும்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழருக்கு அன்றாடம் ஒரு கவலை இருந்தது. விடியுமுன் வெட்டிய பால், ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் மங்கிலேயே கட்டிப்போனால் அது நல்ல பால் கணக்கில் சேராது. கட்டிப்பாலுக்குக் கூலி குறைவு. பால் சில மணி நேரம் ஏன் கட்டாமல் இருக்கிறது, பிறகு ஏன் கட்டுகிறது என்று கேட்டால், விடை மின்சாரத்தில் இருக்கிறது.

மின்னேற்றம் இருவகைப்படும் என்பதை 1733-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி டு ஃபே கண்டார். பின்னர் அவற்றுக்கு நேர், எதிர் என்ற பெயர்கள் வழங்கலாயின. ஓரின மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், வேற்றினம் இழுக்கும். 1785-இல் கூலும் என்பார் இவ்விசையை அளந்து, இடைத்தூரம் பாதியானால் விசை நான்கு மடங்காகும் என்று காட்டினார். பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கிக் காட்டுவார்கள். ஜொகூரின் ஈரக் காற்றில் அந்த வித்தை பலமுறை பலிப்பதில்லை. மின்னேற்றம் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். மங்கில் நடப்பதோ நாள் தவறாமல் பலிக்கும் பரிசோதனை.

மரப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்புப் பொருளும் போர்த்தியிருக்கின்றன. இந்தப் போர்வை எதிர் மின்னேற்றம் உடையது. ஆகவே இரு துகள்கள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. பாலில் மின்சாரம் செலுத்தினால் துகள்கள் நேர்முனையை நாடிச் செல்லும்.

அமிலத்தில் நேர் மின்னேற்றமுள்ள ஹைட்ரஜன் அயனிகள் உண்டு. அவை போர்வையின் எதிர் மின்னேற்றத்தை ஈடுகட்டிவிடுகின்றன. தள்ளும் விசை போனதும் துகள்கள் மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டோரில் பாலுக்குப் பார்மிக் அமிலம் ஊற்றுவது இதற்கே. (முசுறு எறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சும் அமிலமும் இதுதான்.) மங்கில் அமிலம் ஊற்றுவார் யாருமில்லை; அங்கே கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. கழுவாத மங்கில் பால் சீக்கிரம் கட்டுவதன் காரணம் இதுவே. சிறிது அம்மோனியா சேர்த்தால் கிருமிகள் அடங்கும். எதிர் மின்னேற்றமும் நிலைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. வலுவான அமிலத்தை அளவுக்கு மிஞ்சி விரைவாகக் கொட்டினால் பால் கட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு! துகள்கள் நடுநிலையைத் தாண்டி நேர் மின்னேற்றம் பெற்று, மறுபடியும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கிவிடுகின்றன.

ஜொகூரில் பல பால்மரத் தோட்டங்கள் இப்போது செம்பனையாகிவிட்டன. மிஞ்சிய சிறுதோட்டக்காரரில் பலர், முன்பு அஞ்சியதற்கு மாறாக, பாலை மங்கிலேயே கட்டவிட்டு விற்கின்றனர். மலேசியாவின் கையுறைத் தொழிற்சாலைகளிலோ பால் பாலாகவே வேண்டும். அங்கே பீங்கான் கை அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, பிறகு பாலில் முக்குகிறார்கள். இரட்டை நேர் மின்னேற்றமுள்ள கால்சியம் அயனிகள் அருகிலுள்ள துகள்களின் தள்ளும் விசையை அடக்க, ரப்பர் அச்சின் மேலேயே மெல்லிய தோலாகப் படிகிறது.