திரை திரையாகப் பனுவல் படித்தல்: ‘லெஸ்’ நிரலும் தமிழ்க் கோப்புகளும்

கணினியில் தமிழ் என்றவுடன் எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் அழகிய பக்க அமைப்புகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. எழுதப்பட்ட பனுவலைக் கணினியில் எவ்வாறு படிப்பது, எவ்வாறு தேடுவது என்பது குறித்து நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சங்க இலக்கியம் முதல் இக்கால உரைநடை வரை ஏராளமான தமிழ் நூல்கள் இன்று எளிய பனுவல் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து, புரட்டி, வேண்டிய சொல்லைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. கட்டளை வரியில் இயங்கும் ‘லெஸ்’ என்னும் சிறு நிரல் போதும். அதன் வரலாற்றையும் பயன்பாட்டையும் அதில் தமிழைத் தேடும்போது எழும் சிக்கல்களையும் இக்கட்டுரையில் நாம் காண்போம். இச்சிக்கல்களை அறியாத மாணவர் ஒருவர், ஒரு நூலில் உள்ள சொல்லை ‘இந்நூலில் இல்லை’ என்று முடிவுகட்டிவிடக் கூடும். ஆகவே, இது கணினி பயில்வோருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தமிழ் பயில்வோருக்கும் உரியது.

1. தோற்றம்

தொடக்ககாலக் கணினி முனையங்கள் பலவற்றில் விடைகள் தாளில் அச்சாகி வெளிவந்தன. எத்தனை வரிகள் வந்தாலும் தாள் நீண்டுகொண்டே போகும். விட்டுப்போன வரியைத் தாளைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம். திரை முனையங்கள் பரவியபோது இவ்வசதி இல்லாமற்போயிற்று. 1978ஆம் ஆண்டு வெளிவந்து புகழ்பெற்ற விடி-100 முனையத்தின் திரையில் 24 வரிகளே அடங்கின. நீண்ட கோப்பொன்றைக் காட்டச் சொன்னால் வரிகள் மேல்நோக்கி விரைந்தோடி மறைந்துவிடும். இறுதி 24 வரிகளே எஞ்சும்.

இக்குறையைப் போக்க அதே 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹால்பர்ட் என்பவர் ‘மோர்’ என்னும் நிரலை எழுதினார். அது ஒரு திரையளவு காட்டியபின் நின்று, ‘இன்னும் உண்டு’ என்னும் பொருள்படத் தன் பெயரையே அடியில் காட்டும். இடைவெளி விசையைத் தட்டினால் அடுத்த திரை வரும். ஆயினும், கடந்துபோன பகுதிக்குத் திரும்ப அதில் வழியில்லை. பின்னோக்கியும் புரட்ட வல்ல நிரலொன்றை மார்க் நூடல்மன் 1983 முதல் 1985 வரையிலான காலத்தில் உருவாக்கினார். ‘குறைவே நிறைவு’ என்னும் பொருளுடைய ஆங்கில முதுமொழியை வைத்து விளையாட்டாக அதற்கு ‘லெஸ்’ எனப் பெயர் அமைந்தது. ‘மோர்’ என்றால் மிகுதி. ‘லெஸ்’ என்றால் குறைவு. பெயரில் குறைந்த நிரலே செயலில் மிகுந்தது.

இன்று லினக்ஸ் கணினிகளிலும் ஆப்பிள் மேசைக்கணினி, மடிக்கணினிகளிலும் ‘லெஸ்’ இயல்பாகவே இடம்பெற்றுள்ளது. விண்டோஸ் கணினியில் லினக்ஸ் துணையமைப்பை நிறுவினால் அங்கும் அதைப் பயன்படுத்தலாம்.

2. அடிப்படைப் பயன்பாடு

முனையச் சாளரத்தைத் திறந்து, ‘லெஸ்’ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை எழுதி, உள்ளிடு விசையை அழுத்தினால் கோப்பின் முதல் திரை தோன்றும். இடைவெளி விசை ஒரு திரை முன்னே கொண்டுசெல்லும். ‘பி’ விசை ஒரு திரை பின்னே கொண்டுவரும். மேல், கீழ் அம்பு விசைகள் ஒவ்வொரு வரியாக நகர்த்தும். சிறிய ‘ஜி’ கோப்பின் தொடக்கத்திற்கும், பெரிய ‘ஜி’ அதன் முடிவிற்கும் செல்ல உதவும். சமக்குறியைத் தட்டினால் நாம் எத்தனையாவது வரியில் நிற்கிறோம் என்பது அடியில் தெரியும். ‘எச்’ விசை உதவிப்பக்கத்தைக் காட்டும். ‘கியூ’ விசை நிரலை முடித்துவைக்கும். தொடக்கநிலையில் ‘கியூ’ ஒன்றை மட்டும் மறவாதிருந்தால் போதும். எங்குச் சிக்கிக்கொண்டாலும் வெளியேறிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். அதிகாரத் தலைப்புகளும் வெற்று வரிகளும் இன்றி, 1330 குறட்பாக்களை மட்டும் குறளுக்கு இரண்டு வரியாகக் கொண்ட கோப்பு நம்மிடம் உள்ளதாகக் கொள்வோம். அதில் மொத்தம் 2660 வரிகள் இருக்கும். அடிவரி நிரலின் குறிப்புக்குப் போக, 24 வரித் திரையில் 23 வரிகள் தெரியும். ஆகவே முழு நூலும் 116 திரைகளில் அடங்கும். 40ஆம் அதிகாரமாகிய ‘கல்வி’ 391ஆம் குறளில் தொடங்குகிறது. அதன் முதல் வரி கோப்பின் 781ஆம் வரி. 781 என்னும் எண்ணைத் தட்டிப் பெரிய ‘ஜி’யை அழுத்தினால் அவ்விடத்திற்கே சென்றுவிடலாம்.

‘எம்’ விசையைத் தட்டி அதனை அடுத்து ஏதேனும் ஓர் எழுத்தைத் தட்டினால், அவ்விடம் அவ்வெழுத்தின் பெயரால் அடையாளமிடப்படும். பின்னர் ஒற்றை மேற்கோள் குறியையும் அதே எழுத்தையும் தட்டினால் அவ்விடத்திற்குத் திரும்பலாம். இது புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு வேறு பக்கம் புரட்டுவதற்கு ஒப்பாகும். ஒரே நூலின் இரு பகுதிகளை ஒப்புநோக்கும் மாணவர்க்கு இது பெரிதும் உதவும்.

இந்நிரலின் சிறப்புகள் இரண்டை இங்குச் சுட்டுதல் தகும். ஒன்று, கோப்பை முழுவதும் உள்வாங்காமலே அது முதல் திரையைக் காட்டிவிடுகிறது. ஆதலால் மிகப் பெரிய கோப்பும் நொடியில் திறக்கும். மற்றொன்று, இது படிப்பதற்கான கருவி. கைதவறி ஒரு விசையைத் தட்டினாலும் கோப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. பலர் பகிர்ந்து பயிலும் மூலப்பாடத்தை இதன்வழித் திறப்பது பாதுகாப்பானது.

3. தமிழ் எழுத்துகள் தெரியாதபோது

தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது எழுத்துகளுக்கு மாறாக, கோண அடைப்புகளுக்குள் விளங்காத குறியீடுகள் வரிசையாகத் தோன்றக் கூடும். இதற்கான காரணத்தை அறியக் குறியாக்கம் பற்றிச் சிறிது தெரிந்திருத்தல் வேண்டும்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. அதன் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். அதாவது 15 பைட்டுகள். கணினியின் மொழிச்சூழல் யூடிஎஃப்-8 என அமைந்திருந்தால் ‘லெஸ்’ அவற்றைச் சேர்த்து எழுத்தாகக் காட்டும். அவ்வாறு அமையாதபோது அவற்றைத் தனித்தனிப் பைட்டுகளாகவே காட்டும். மொழிச்சூழலைத் திருத்தினால் இக்குறை நீங்கும்.

மொழிச்சூழல் சரியாக இருந்தும் குறியீடுகளே தோன்றினால், அக்கோப்பு ஒருங்குறிக்கு முந்தியதாக இருக்கலாம். 1997ஆம் ஆண்டு நா. கோவிந்தசாமி அவர்களின் முன்முயற்சியால் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டுக் காலத்தில், பொதுவான குறியாக்கம் இல்லாமையே தமிழ்க் கணிமையின் தலையாய சிக்கலாக இருந்தது. திஸ்கி, டாப், டாம் முதலிய குறியாக்கங்கள் அதன்பின் பரவின. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டமும் தொடக்கத்தில் பல நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அக்காலக் கோப்பொன்றைத் திறந்தால், ‘இது பனுவல் கோப்பு அன்று போலும், ஆயினும் காண விருப்பமா?’ என்னும் பொருள்பட ‘லெஸ்’ ஆங்கிலத்தில் வினவக் கூடும். அதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடலாகாது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ள ‘ஐகான்வ்’ என்னும் நிரல் திஸ்கிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட பாடக்குறிப்புகளையும் மாணவர் படைப்புகளையும் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகைக் குறையும் உண்டு. எழுத்துகள் தெரியும், ஆனால் கொம்பு இடம் மாறியிருக்கும், அல்லது எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். முனையச் சாளரங்கள் எல்லா எழுத்துகளையும் சம அகலக் கட்டங்களில் அடைக்க முற்படுவதே இதற்குக் காரணம். தமிழெழுத்துகளோ அகலத்தில் வேறுபடுவன. இது சாளரத்தின் குறையேயன்றிக் கோப்பின் குறை அன்று. வேறொரு முனைய நிரலில் அதே கோப்பு செம்மையாகத் தோன்றலாம்.

4. சொல்லைத் தேடுதல்

சாய்கோட்டு விசையைத் தட்டித் தேடவேண்டிய சொல்லை எழுதி உள்ளிடு விசையை அழுத்தினால், அச்சொல் அடுத்து வரும் இடத்திற்கு ‘லெஸ்’ செல்லும். சிறிய ‘என்’ அதற்கடுத்த இடத்தையும், பெரிய ‘என்’ முந்தைய இடத்தையும் காட்டும். ‘&’ குறியைத் தட்டிச் சொல்லை எழுதினால் அச்சொல் உள்ள வரிகள் மட்டும் தொகுக்கப்பட்டுத் தோன்றும்; சொல் எதுவும் எழுதாமல் மீண்டும் அவ்வாறே செய்தால் எல்லா வரிகளும் திரும்பும். விசைப்பலகை தமிழ் நிலையில் இருக்கும்போது கட்டளை விசைகள் இயங்கா. சொல்லை எழுதும்போது தமிழுக்கும், கட்டளையிடும்போது ஆங்கிலத்திற்கும் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

இனி, தமிழுக்கே உரிய சிக்கல்களுக்கு வருவோம்.

முதலாவது, புணர்ச்சி. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரங்கள்’ ஆகியவை அகப்படா. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறுவதையும், மகரம் ஙகரமாகத் திரிவதையும் நிரல் அறியாது. அது குறிகளின் வரிசையை மட்டுமே ஒப்பிடுகிறது. அங்ஙனமாயின் ‘மர’ என்று தேடலாமே எனத் தோன்றும். தேடினால் ‘மரபு’ மட்டுமன்றி ‘மரியாதை’, ‘மருந்து’, ‘மர்மம்’ ஆகியவையும் வந்து நிற்கும். காரணம் யாது? நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. ஒருங்குறியிலோ அகரம் ஏறிய எழுத்தே அடிப்படை; ‘ரி’ என்பது ரகரத்தோடு இகரக் குறியும், ‘ர்’ என்பது ரகரத்தோடு புள்ளியும் ஆகும். ஆகவே ‘மர’ என்னும் வரிசை இச்சொற்கள் அனைத்தின் தொடக்கத்திலும் உள்ளது.

இதற்குத் தீர்வு இலக்கண அறிவே. ‘மரம்|மரத்|மரங்’ என நேர்கோடிட்டுப் பிரித்து எழுதினால் மூன்றில் எதுவாயினும் ‘லெஸ்’ காட்டும். அவ்வாறே கல்வி பற்றிய சொற்களைத் தேட ‘கல்|கற்’ என எழுதலாம். ‘கல்வி’, ‘கல்லாமை’, ‘கற்றல்’, ‘கற்க’ யாவும் கிடைக்கும். உடன் ‘பகல்’, ‘கற்பு’ ஆகியவையும் வரும். அவற்றைப் பிரித்தறிவது படிப்பவர் கடமை. புணர்ச்சி விதிகளைத் தேர்வுக்காக மட்டும் பயிலும் மாணவர்க்கு, அவ்விதிகளைக் கொண்டே நூல் முழுவதையும் சல்லடையிட முடியும் என்பதை இவ்வழியே காட்டலாம்.

இரண்டாவது, ஒரே தோற்றம் உடைய வேறு வேறு வரிசைகள். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒருவகையில் எழுதித் தேடினால் மற்றவகையில் எழுதியது அகப்படாது. ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக எகரக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதியிருப்பதும் பரவலாகக் காணப்படுகிறது. அது பிழை, ஆயினும் திரையில் சரிபோலவே தோன்றும். எனவே ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் சொற்களைத் தேடி ஒன்றும் கிடைக்காதபோது, உடனே முடிவுக்கு வராமல் இருவகையாகவும் எழுதித் தேடிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, வரியமைப்பு. ஒரு சொல் வரியின் இறுதியில் இணைப்புக்கோட்டால் பிரிக்கப்பட்டு அடுத்த வரியில் தொடர்ந்தால் தேடலில் அகப்படாது. அச்சு நூலைப் பார்த்து வரிக்கு வரி தட்டச்சிட்ட உரைநடைக் கோப்புகளில் இது மிகுதி. சந்தி பிரித்த பாடமும் பிரிக்காத பாடமும் வேறு வேறு விடை தருவதும் இதனோடு ஒத்ததே.

5. வகுப்பறையில்

இவற்றைக் கருத்திற்கொண்டு எளிய பயிற்சியொன்றை ஆசிரியர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். மாணவர்களை மூவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பனுவல் கோப்பையும் ஒரே சொல்லையும் வழங்குக. முதலில் அச்சொல்லை உள்ளவாறே தேடி, அது வரும் வரிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். கழித்தல் குறியையும் பெரிய ‘என்’ எழுத்தையும் தட்டி உள்ளிடு விசையை அழுத்தினால் ‘லெஸ்’ வரி எண்களைக் காட்டும். அடுத்து, அச்சொல் வேற்றுமை உருபேற்கும்போதும் புணரும்போதும் பெறும் வடிவங்களைத் தாளில் எழுதி, அவற்றைச் சேர்த்து மீண்டும் தேடட்டும். இரண்டு பட்டியல்களுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்கச் செய்க. தேவையற்று வந்த சொற்களையும் ஏன் வந்தன என்று கூறச் செய்க.

ஒரு நூலில் ஒரு சொல் இத்தனை முறை வருகிறது, அல்லது வரவே இல்லை என்று கட்டுரைகளில் எழுதும் மாணவர்கள், தாம் எந்தக் கோப்பில், எந்த வடிவங்களை எழுதித் தேடினர் என்பதையும் உடன் குறிப்பிடும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். அப்போதுதான் அம்முடிவைப் பிறரும் சரிபார்க்க இயலும்.