‘ஏலாது’ என்ற சொல்லும் அஸ்வெசும படிவமும்

குருமண்வெளியில் பாதை ஏறினால் வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கலாம். மருதமுனையிலிருந்து அந்த வழியாகப் படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போய்வருகிறவர்களில் நானும் ஒருத்தி. தமிழ்ப் பாடம்தான் என் வேலை. ஆனால் எழுதத் தெரிந்த டீச்சர் என்றால் பெற்றோர் படிவங்களோடும் வருவார்கள். 2023 ஜூனில் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானபோது இடைவேளைகளில் எனக்குத் தேநீர் குடிக்க நேரம் இருக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயும் ஒருவர். கணவர் வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பட்டியலில் அவர்களுடைய பெயர் இல்லை.

“எழுத வந்த பிள்ளை கேட்டதுக்கெல்லாம் சொன்னனான் டீச்சர். அவருக்கு ஏலாது எண்டும் சொன்னனான்.”

பிழை அந்தச் சொல்லில்தான் இருந்தது. ‘ஏல்’ என்ற வினையின் எதிர்மறையான ‘ஏலாது’ நம் பக்கத்தில் எல்லாவற்றையும் தாங்கும் சொல். காய்ச்சல்காரருக்கும் ஏலாது, காலை இழந்தவருக்கும் ஏலாது, வயது போனவருக்கும் ஏலாது. படிவத்திலோ அந்த ஒரு சொல்லுக்குப் பல கூடுகள். நீண்டகால நோய் ஒரு கூடு, இயலாமை இன்னொரு கூடு. ‘ஏலாது’ என்றதைக் கேட்டவர் சும்மா உடம்பு சரியில்லை என்று விளங்கிக்கொண்டால் எந்தக் கூட்டிலும் புள்ளி விழாது. கணக்கெடுக்க வருபவரிடம் ‘ஏலாது’ என்று நிறுத்தக் கூடாது. நோயின் பெயர், எப்போதிருந்து, எந்தக் கிளினிக், தானாக எழும்பி நடக்க முடியுமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியையும் முன்னால் வைக்க வேண்டும்.

அஸ்வெசும, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடப்பது. இருபது வருடம் கிடப்பில் கிடந்த சட்டம், பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023இல்தான் கொடுப்பனவாக வந்தது. சமுர்த்தியில் ஆளைத் தெரிந்தால் போதும் என்ற குறை இருந்தது. அதற்கு மருந்தாகப் புள்ளி முறையைக் கொண்டுவந்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகள், அவற்றுக்குள் 22 குறிகாட்டிகள். நோய் இந்த ஆறில் ஒன்றின் உள்ளே வருகிற விடயம் மட்டுமே. ‘வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறாரே, எப்படித் தராமல் விட்டார்கள்’ என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். மின்சாரப் பாவனையையும் பார்க்கிறார்கள். நோயாளி இருக்கிற வீட்டில் பகலிலும் காற்றாடி சுழலும், இரவில் விளக்கு எரியும். ஆக, நோய் ஒரு பக்கம் தரும் புள்ளியை மின்பட்டியல் மறுபக்கம் குறைத்துவிடலாம். சொத்துப் பக்கமும் அப்படித்தான். ஓட ஆளில்லாமல் முற்றத்தில் துருப்பிடிக்கிற முச்சக்கரவண்டியும் தாளில் ஒரு வாகனமே. மேன்முறையீட்டில் இவற்றை விளக்கி எழுதினால்தான் உண்டு. பெயர் வராதவர்களும், குறைந்த பிரிவில் போடப்பட்டவர்களும் செய்வது மேன்முறையீடு. தகுதியில்லாத இன்னொருவருக்குக் கிடைத்ததை எதிர்ப்பது ஆட்சேபனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டி மேன்முறையீடு எழுதச் சொன்னவர்களும் இருந்தார்கள், நான் எழுதவில்லை.

அடுத்த விடயத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அஸ்வெசும குடும்பத்துக்கு உரியது. கணவனும் மனைவியும் அங்கே ஒரே விண்ணப்பம். 2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரையும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா வரையும் கிடைக்கிறது. ஆனால் இயலாமைக் கொடுப்பனவும், சிறுநீரக நோயாளர் கொடுப்பனவும், 70 வயது தாண்டியவர்களுக்கானதும் ஆளுக்கு உரியவை. முதல் இரண்டும் 2023இல் 5,000 ரூபாவாக இருந்து, 2024இல் 7,500 ஆகி, 2025 ஏப்ரலில் 10,000 ஆகின. குடும்பப் பட்டியலில் பெயர் இல்லை என்றவுடன் இவற்றையும் கைவிட்டுவிடக் கூடாது. இவற்றுக்கு வைத்தியரின் சான்றிதழோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைத் தேடிப் போக வேண்டும்; மண்டூர்க்காரருக்கு அது வெல்லாவெளி. பழைய ஆட்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என்று சொல்லும் பொதுசன மாதாந்த உதவிப்பணமும், காசநோய், புற்றுநோய், தொழுநோய் போன்றவற்றுக்கான உதவியும் அந்தப் பக்கத்தில்தான் கேட்கப்பட வேண்டியவை. அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டே போகாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கணவர் நல்ல சுகத்தோடு இருந்த காலத்தில் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்திலோ மீனவர் ஓய்வூதியத் திட்டத்திலோ காசு கட்டினாரா என்று அலுமாரியைக் கிளறிப் பாருங்கள். 1987இலும் 1990இலும் வந்த அந்தச் சட்டங்களில் வயதுக்கு மட்டுமல்ல, உடல் இயலாமைக்கும் கொடுப்பனவு உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்தவர் நிரந்தரமாக முடங்கினால் ஊழியர் சேமலாப நிதியை 55 வயதுக்கு முன்பே எடுக்கலாம்.

வங்கிக் கணக்கு எவர் பெயரில் என்பதும் சின்ன விடயமல்ல. அந்தத் தாயிடம் இதைக் கேட்டபோது, “அவர் இரிக்கக்குள்ள என்ட பேரில எப்பிடி டீச்சர் கேக்கிற?” என்றார். எங்கள் ஊர்ப் பெண்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். நபகா கணவனின் கடமை என்று படித்த நமக்கு, மனைவி பெயரில் காசு வருவது கணவனை இறக்கிவிட்டது போலத் தோன்றுகிறது. வலக்கை விழுந்தவரால் பழைய கையெழுத்தைப் போட முடியாது என்பதையும், வங்கிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக முச்சக்கரவண்டிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் யோசித்தால் இந்தக் கூச்சம் போய்விடும்.

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும் என்கிறது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். மார்க்கத்துக்கு அது போதும். அலுவலகத்துக்குப் போதாது. பதிந்தவர்களிலும் 2004 டிசம்பர் 26இல் கடலோடு பத்திரங்களைப் பறிகொடுத்துவிட்டுப் பிரதி எடுக்காமலே இருப்பவர்கள் மருதமுனையில் உண்டு. கணவர் பேசக்கூடியவராக இருக்கும்போதே அதைச் சரி செய்துகொள்ளுங்கள். ஸகாத் கிடைக்கிறது, பிறகு ஏன் அரசாங்கத்திடம் அலைய வேண்டும் என்று கேட்பவர்கள் ஸகாத் மாதாமாதம் வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எந்தக் கூட்டிலும் இடமில்லாதவர் மனைவிதான். அந்தத் தாய் முன்பு வயலில் களை பிடுங்கவும் அறுவடைக்கும் போனவர். கணவர் விழுந்த நாளிலிருந்து அவராலும் போக முடியவில்லை. நோய் ஒருவருக்கு; வருமானம் போனது இருவருக்கும். பிரித்தானியாவின் யுனிவர்சல் கிரெடிட்டிலும் தம்பதியர் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கடுமையான இயலாமை உள்ளவரை வாரத்துக்கு 35 மணித்தியாலமாவது பராமரிப்பவருக்கு அங்கே தனியாக ஒரு தொகை சேர்க்கப்படுகிறது. இங்கே மேன்முறையீட்டில் ஒரு வசனமாக எழுதலாம், அவ்வளவுதான். எழுதினோம்: ‘கணவரைத் தனியே விட்டுச் செல்ல முடியாததால் நானும் கூலி வேலையை இழந்துள்ளேன்.’

அந்த வசனத்தை யாராவது வாசித்தார்களா தெரியாது. குடும்பக் கொடுப்பனவு மேன்முறையீட்டில் கிடைத்தது. கணவரின் பெயர் இயலாமைக் கொடுப்பனவுக்கான காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. காசு எடுக்கப் போகும் நாளில் மகள் பாடசாலைக்கு வருவதில்லை. வாப்பாவோடு இருக்க ஆள் வேண்டும் என்று நம் பிள்ளைகள் சொல்வதுபோல, “அப்பாவுக்கு ஆள் இல்ல டீச்சர்” என்று மறுநாள் சொல்வாள். நானும் இடாப்பில் வரவு போடாமல் விட்டுவிட்டு, விட்ட பாடத்தை இடைவேளையில் சொல்லிக் கொடுக்கிறேன்.