காலையில் மடங்காத முழங்கால்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு குழந்தை காலையில் நொண்டியபடி எழுகிறது. பத்து மணிக்கெல்லாம் ஓடி விளையாடுகிறது. "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று எண்ணெய் தேய்த்து விடுகிறார்கள். வளர்ச்சி வலி ராத்திரியில் வந்து விடிந்ததும் போய்விடும். விடிந்ததும் மூட்டு விறைத்து, வீக்கமும் ஆறு வாரம் தாண்டி நீடித்தால் அது சிறார் மூட்டுவாதமாக இருக்கலாம். 16 வயதுக்குள் தொடங்கும் இந்த நோயை லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டில் 1897-லேயே விரிவாக எழுதிவிட்டார்.

அவர் காலத்தில் பார்க்க முடியாத ஒன்று இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ள சைட்டோகைன் என்னும் சிறு புரதங்களை வெளியிடுகின்றன. ஊரில் தண்டோரா போடுவது மாதிரி: கிருமி நுழைந்தால் முழக்கம், ஒழிந்ததும் அமைதி. இங்கே விரட்டக் கிருமி இல்லை, முழக்கம் மட்டும் ஓய்வதில்லை. அளவோ மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம்கள்தான். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

அதற்குள் எவ்வளவு வேலை! ஜப்பானில் கிஷிமோட்டோ குழுவினர் 1986-இல் மரபணுவைக் கண்டறிந்த இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனை மட்டும் பாருங்கள். அது கூடினால் காய்ச்சல் ஏறுகிறது. குடலில் இரும்புச்சத்து ஏறுவது தடைப்பட்டு ரத்தசோகை வருகிறது. குழந்தையின் உயரமும் தடைபடுகிறது. கல்லீரல் அதன் சொல் கேட்டு சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கிறது. தெருமுனை லேப்காரர் 'சி.ஆர்.பி. அதிகம்' என்று தரும் சீட்டில் நாம் பெரும்பாலும் படிப்பது இன்டர்லூகின்-6-இன் கைவரிசையைத்தான்.

என்னை அசரவைத்தது 2005-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வர்ஜீனியா பாஸ்குவல் குழு வெளியிட்ட சோதனை. காய்ச்சலோடு உடம்பு முழுவதையும் தாக்கும் வகை மூட்டுவாதம் உள்ள குழந்தைகளின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை), நோயில்லாதவர்களின் ரத்த அணுக்களோடு சேர்த்தார்கள். அந்த அணுக்களில் இன்டர்லூகின்-1 தொடர்பான மரபணுக்கள் விழித்துக்கொண்டன. வேறு மருந்துக்கு அடங்காத 9 குழந்தைகளுக்கு அந்த ஒரு சேதியை மறிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 7 பேருக்கு நோய் முற்றிலும் தணிந்தது; மற்ற இருவருக்கும் ஓரளவு குறைந்தது.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே புரதம் காரணமில்லை. குதிகால், இடுப்பு, முழங்கால் என்று பிடிக்கும் ஒரு வகை நம் நாட்டுச் சிறுவர்களிடம் அதிகம். லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்தினர் அந்த வகையில் இன்டர்லூகின்-17 சுரக்கும் அணுக்கள் ரத்தத்தைவிட மூட்டு நீரில் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ரத்தம் மட்டுமே முழுக் கதையையும் சொல்லிவிடாது. டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் ஊசி பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால் உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிவைத்திருப்பதும் அதே புரதம்தான். அதனால் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இது. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்றால் நோயில்லை என்று நினைக்காதீர்கள். இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நெகட்டிவ்தான். இந்த நோயில் கண் சிவக்காமல், வலிக்காமல் உள்ளே அழற்சி வந்து பார்வையைப் பறிக்கவும் கூடும். கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மூட்டுவாதத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். வீக்கம் ஆறு வாரம் தாண்டினால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.