பாலிஅமீன்கள் காட்டிய வழி



1678-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில், லீவன்ஹூக் என்னும் துணி வியாபாரி, தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே உலர்ந்துகொண்டிருந்த விந்துத் திரவத்தைப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு படிகங்கள் தோன்றியிருந்தன. கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். அப்படிகங்களில் இருந்த பொருளின் ரசாயன அமைப்பு தெளிவாக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1920-களில் லண்டன் விஞ்ஞானிகள் அதனைக் கண்டறிந்தனர். ஸ்பெர்மின் என்பது அதன் பெயர்.

விந்தில் முதலில் கண்டதால் இப்பெயர் வந்ததே தவிர, நம் உடலின் உயிரணுக்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. பியூட்ரெஸின், ஸ்பெர்மிடின் என்பவை அதன் உடன்பிறப்புகள். இம்மூன்றையும் பாலிஅமீன்கள் என்கிறோம். பியூட்ரெஸினில் இரண்டு, ஸ்பெர்மிடினில் மூன்று, ஸ்பெர்மினில் நான்கு என அமீன் முடிச்சுகள் அமைந்துள்ளன. உயிரணுவுக்குள் இம்முடிச்சுகள் நேர் மின்னேற்றம் கொண்டவை; டி.என்.ஏ. இழையோ எதிர் மின்னேற்றம் கொண்டது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. பாலிஅமீன்கள் இன்றி உயிரணு வளர்வதில்லை. கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய் உயிரணுக்களில் இவை மிகுந்து காணப்படுகின்றன.

இங்கேதான் ராபர்ட் கஸேரோ என்னும் உயிர் ரசாயன அறிஞரின் பணி தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக இச்சிறு பொருள்களையே அவர் ஆராய்ந்துவந்தார். பாலிஅமீன்களைப் போலவே உருவம் கொண்ட செயற்கைப் பொருள்களைப் புற்றுநோய் உயிரணுக்களுக்குள் செலுத்தினால், அங்குள்ள இயற்கைப் பாலிஅமீன்கள் விரைந்து சிதைகின்றன. எந்த நொதி அவற்றைச் சிதைக்கிறது? 2001-ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் அத்தகைய மனித நொதி ஒன்றை இனங்கண்டு வெளியிட்டனர். ஸ்பெர்மின் ஆக்ஸிடேஸ் என்று அதனை வழங்குகிறோம்.

இதற்கிடையே வேறொரு துறையில் மற்றொரு கேள்வி எழுந்திருந்தது. அதனை விளக்க நம் ஓலைச்சுவடியை உவமையாகக் கொள்கிறேன். சுவடியில் எழுத்து அழியாமல் இருக்கலாம்; ஆனால் கயிற்றால் இறுகக் கட்டிவைத்தால் படிக்க இயலுமா? ஜீன்களின் நிலையும் அதுவே. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. அவ்வுருளைகளில் ஒட்டும் மீதைல் போன்ற சிறு அடையாளங்கள், எந்த ஏடு அவிழ வேண்டும், எது கட்டுண்டிருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்க உதவுகின்றன. எழுத்தை மாற்றாமலே வாசிப்பை மாற்றும் இம்முறைகளை ஆராய்வதே எபிஜெனிடிக்ஸ் என்னும் துறை.

ஹிஸ்டோனில் ஒட்டிய மீதைல் அடையாளம் நீங்காது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் ஹார்வர்டில் யாங் ஷி என்பவரின் குழு, அதனை நீக்கும் நொதி ஒன்றைக் கண்டது. எல்.எஸ்.டி.1 என்பது அதன் பெயர். வியப்பு என்னவெனில், அந்நொதி பாலிஅமீனைச் சிதைக்கும் நொதிகளுக்கு நெருங்கிய உறவு! பிறர்க்கு இது ஒரு செய்தி. பாலிஅமீன்களோடு பழகியவர்க்கோ ஓர் அழைப்பு. பூட்டுகள் ஒன்றையொன்று ஒத்திருந்தால், கையிலுள்ள சாவி புதிய பூட்டிலும் பொருந்தக்கூடும் அல்லவா?

கஸேரோவும், ரசாயன அறிஞர் பாட்ரிக் வூஸ்டரும், அவர்களுடைய துணைவர்களும் இதனைச் சோதித்தனர். பாலிஅமீனை ஒத்த சில பொருள்கள் எல்.எஸ்.டி.1-இன் வேலையைத் தடுத்தன. பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களில் தகாத முறையில் கட்டுண்டு கிடந்த சில ஜீன்கள் மீண்டும் செயற்பட்டன. இம்முடிவு 2007-இல் வெளியாயிற்று.

இதனால் புற்றுநோய் தீர்ந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். ஆய்வுச்சாலைத் தட்டிலுள்ள உயிரணு வேறு. படுக்கையில் கிடக்கும் நோயாளி வேறு. இடையே நெடுந்தூரம் உண்டு. ஆயினும் பாலிஅமீன் ஆராய்ச்சியின் பயன் நோயாளியை எட்டாமல் போகவில்லை. பாலிஅமீன் உற்பத்தியைத் தடுக்கும் எஃப்ளோர்னிதின் என்னும் மருந்து, நியூரோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு அந்நோய் திரும்பும் அபாயத்தைக் குறைக்க, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நண்பர்களே, "இதனால் என்ன பயன்?" என்று எந்தச் சிறு பொருளையும் ஒதுக்கிவிடாதீர்கள். லீவன்ஹூக்கிடம் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், விடை சொல்ல அவரால் இயன்றிராது. அவர் செய்தது, கண்டதை உண்மையாக எழுதி வைத்ததே. பின்வந்தவர்கள் அதனைக் கைவிடாமல் தொடர்ந்தனர். அந்தத் தொடர்ச்சியில் அடுத்த கண்ணியாக உங்களில் ஒருவர் அமையலாம்.