மஞ்சப்பையை மறக்காதீர்கள்

திருவண்ணாமலையில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பஞ்சாங்கத்தை இரண்டு காரணத்துக்காகப் புரட்டுவார்கள். பிள்ளை எந்த நட்சத்திரத்தில் பிறக்கும் என்ற ஆசை ஒன்று. பௌர்ணமி என்றைக்கு என்ற கவலை இன்னொன்று. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கிற இரவில், அடி அண்ணாமலைப் பக்கத்து வீட்டில் இடுப்புவலி எடுத்தால் ஆட்டோ வாசலுக்கு வருவதே பாடு. வேலூர் சாலையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மற்ற நாளில் பக்கம்தான். கார்த்திகை தீபத்தன்று அதுவே வெளியூர் மாதிரி. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி தீபத்தையோ சித்ரா பௌர்ணமியையோ ஒட்டி வந்தால், ஓரிரு நாள் முன்னதாகவே மருத்துவமனைக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. பையையும் எட்டாம் மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும்.

பை கட்டுவதில்தான் நம் வீடுகளில் தயக்கம். வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கினால் கண்பட்டுவிடும் என்பார் பாட்டி. அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்த துணிதான் பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதம். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு மூன்று, உள்பாவாடை, பெரிய நாப்கின், துண்டு, போர்வை, செருப்பு, பிளாஸ்க், தட்டு டம்ளர், ஒரு பிளாஸ்டிக் வாளியும் மக்கும், குழந்தைக்குத் தொப்பி. துணிப்பை இவ்வளவுதான். மறந்தாலும் யாராவது ஓடிப்போய் எடுத்து வரலாம்.

ஓடிப்போய் எடுத்துவர முடியாத பை ஒன்று உண்டு. காகிதங்கள் வைக்கிற மஞ்சப்பை. தாய்சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார் நகல், தாயின் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகத்தின் நகல், கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண். நம் ஊர்ச் சிக்கலே இங்கேதான். கர்ப்பத்தைப் பதிந்தது புகுந்த வீட்டு ஊர் நர்ஸம்மாவிடம். பிரசவமோ தாய் வீட்டில். பாதிக் காகிதம் அங்கே மாமியாரின் பீரோவில் கிடக்கும். 12 இலக்க பிக்மி எண்ணைத்தான் பிறப்புப் பதிவுக்கும் கேட்கிறார்கள், மகப்பேறு உதவித்தொகைக்கும் கேட்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து, 18,000 ரூபாய் வரை கிடைக்கும். 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். எண் எது என்று தெரியாவிட்டால் நர்ஸம்மாவிடமோ 102-இலோ கேட்கலாம். ரத்த வகையையும் பையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். தவறினால் பாதிப்பு அடுத்த பிள்ளைக்கு.

இந்தப் பையில் பலர் இன்னொன்றும் வைக்கிறார்கள்: மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். ஆண் பிள்ளைக்கு ஒரு தொகை, பெண் பிள்ளைக்கு ஒரு தொகை என்று வார்டில் கேட்பார்கள் என்பது தமிழ்நாட்டில் ஊரறிந்த ரகசியம். ‘சந்தோஷத்துக்குத்தானே’ என்று கொடுப்பவர்களும் உண்டு. அடுத்த படுக்கையில் இருப்பவள் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டிவருவது அந்தச் சந்தோஷத்தால்தான். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் முழுக்க இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம், சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் சாப்பாடு, திரும்பி வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி, எல்லாமே அதில் அடக்கம். பணம் கேட்டால் நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். மருத்துவ உதவி எண் 104, முதல்வரின் உதவி எண் 1100, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள் என்று அடுத்தடுத்த வாசல்களும் உண்டு. தேதி, நேரம், எந்த வார்டு, யார் கேட்டார் என்ற விவரம் மனுவில் இருக்கட்டும்.

அரசே தரும் பையும் ஒன்று இருக்கிறது. 2015-இல் வந்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம் என 16 பொருள்கள். பின்லாந்தில் 1938-இலேயே இப்படி ஒரு பெட்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். லேகியம் நம்முடைய சேர்க்கை! வீட்டுக்குக் கிளம்பும்முன் கேட்டு வாங்குங்கள்.

பையில் வைக்கக் கூடாதவை பால்பவுடர் டப்பா, புட்டி, தேன், கழுதைப்பால், கண்மை. சேனை தொட்டு வைக்கப் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான் முதல் உணவு. டப்பா பாலை மருத்துவமனைக்குள் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

அடுத்தது, கையெழுத்து. வலியில் துடிக்கிறவளிடம் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கூட இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகார் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அது தாய் சம்மதித்தால் மட்டுமே. வேண்டாம் என்றால், வலி வருவதற்கு முன்பே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே சொல்லி அட்டையில் எழுதச் சொல்லலாம். பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை வைத்துக்கொள்ளும் முறையைத் தமிழ்நாடு 2004-இலேயே கொண்டுவந்துவிட்டது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற, பதறாத அக்காவோ சித்தியோ போதும்.

தனியார் மருத்துவமனை என்றால் சிசேரியன், பச்சிளம் குழந்தைப் பிரிவு இவற்றின் கட்டணத்தை முன்பே எழுத்தில் கேளுங்கள். பில் பாக்கிக்காகத் தாயையோ பிள்ளையையோ நிறுத்திவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும். குறை இருந்தால் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். முழுக்க இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு அந்த வழி பொருந்தாது. நல்ல நாள் பார்த்து 39 வாரத்துக்கு முன்பே கத்தி வைக்கச் சொல்லும் வழக்கம் கோயில் ஊரில் கொஞ்சம் அதிகம். பிள்ளையின் நுரையீரலுக்கு ராகுகாலம் தெரியாது.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், பச்சையாகத் தண்ணீர் போதல், கண் மங்கலோடு தலைவலி, வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்க வேண்டியவர்கள் வலி வரும்வரை காத்திருக்காமல், குறித்த நாளுக்கு முன்பே அடிவாரத்துக்கு வந்துவிடுவதுதான் பத்திரம்.

பிள்ளை பிறந்தபின் மஞ்சப்பையில் சேர வேண்டியவை டிஸ்சார்ஜ் சீட்டும் தடுப்பூசி அட்டையும். 21 நாளுக்குள் நடக்கும் பிறப்புப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். பெற்றோர் பெயரின் எழுத்தை அங்கேயே ஒருமுறை சரிபாருங்கள். குழந்தையின் பெயரைச் சேர்க்க மட்டும் ஓராண்டு இலவச அவகாசம் இருக்கிறது. அண்ணாமலையா அருணாசலமா என்று இரண்டு தாத்தாக்களும் நிதானமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.